பழைய வண்டியில் கரண்ட் தொல்லை: மீட்டரை மட்டும் நம்பாதீர்கள்

என்னுடையது 2004 மாடல், 150 சிசி வண்டி. இன்ஜினால் பெரிய செலவு வந்ததே இல்லை, வந்த தொல்லையெல்லாம் வயரிங்கில்தான். செல்ஃபை அமுக்கினால் ரிலே டிக் டிக் என்று அடித்துவிட்டு நின்றுவிடும், ஹார்ன் சளி பிடித்த குரலில் கத்தும், அப்புறம் ஏதாவது பள்ளத்தில் இறங்கி ஏறினால் எல்லாம் தானாகச் சரியாகிவிடும். கடைக்குக் கொண்டுபோனால் "பேட்டரி போயிருச்சு சார்" என்பதுதான் முதல் வார்த்தை. எந்தக் கடையிலும்!

பேட்டரிக்குக் காசு கொடுக்குமுன் ஒரு சாதாரண மல்டிமீட்டர் வாங்குங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் காலையில் 12.6 வோல்ட் பக்கம் காட்டினால் பேட்டரியில் சார்ஜ் இருக்கிறது. ஸ்டார்ட் செய்து ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் முறுக்கினால் 14 சொச்சம் வர வேண்டும். 13-ஐத் தாண்டவே இல்லையென்றால் மேக்னட் காயில் (இன்ஜின் ஓடும்போது கரண்ட் உண்டாக்குவது), ரெக்டிஃபையர் யூனிட் (அந்தக் கரண்டை பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றிக் கட்டுப்படுத்துவது), அவற்றின் கப்ளர் (வயர்களை இணைக்கும் சொருகி) என்று வரிசையாகப் பாருங்கள். 15-க்கு மேலே ஏறினால் பெரும்பாலும் ரெக்டிஃபையர் யூனிட்தான், அதை மாற்றாமல் விட்டால் புது பேட்டரியையும் கொதிக்க வைத்துவிடும்.

என் வண்டியில் இதெல்லாம் சரியாக இருந்தும் செல்ஃப் எடுக்கவில்லை. மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மற்றதை இன்ஜின் மேலும் வைத்து செல்ஃபை அமுக்கிப் பார்த்தால் ஒரு வோல்ட்டுக்கு மேல் காட்டியது. 0.2, 0.3-க்குள் இருக்க வேண்டிய இடம் அது. பேட்டரி நெகட்டிவை இன்ஜினோடு இணைக்கும் எர்த் வயரின் போல்ட்டைக் கழற்றினால் அடியில் துருவும் பச்சைப் பொடியும். எமரி பேப்பரால் தேய்த்து, இறுக்கி, மேலே வாசலின் தடவினேன். அன்றிலிருந்து செல்ஃப் ஒரே அமுக்கில் எடுக்கிறது.

ஹார்ன் கதைதான் படுத்தி எடுத்தது. ஹேண்டிலை இடதுபக்கம் முழுக்க ஒடித்தால் ஹார்ன் செத்துவிடும், ஆனால் மீட்டர் வைத்தால் எப்படித் திருப்பினாலும் பீப் அடித்து "லைன் இருக்கிறது" என்கிறது. மீட்டர் அனுப்புவது துளிக் கரண்ட், அதற்கு ஒற்றை இழை போதும். ஹார்னுக்குப் போதாதே! அதனால் 21 வாட் இண்டிகேட்டர் பல்பில் இரண்டு வயரைப் பற்றவைத்து டெஸ்ட் லேம்ப் ஆக்கிக்கொண்டேன். அது ஒன்றே முக்கால் ஆம்பியர் இழுக்கும், ஏமாற்ற முடியாது. ஹேண்டிலைத் திருப்பியதும் பல்பு மங்கியது. கோன் செட் (ஹேண்டில் திரும்பும் பேரிங்) பக்கத்தில் வயர்களை விரலால் நெருடிக்கொண்டே போனால் ஒன்று மட்டும் ஒரு இடத்தில் நூல் மாதிரி மடிந்தது. மேல்தோலில் ஒரு கீறல் இல்லை, உள்ளே செம்பு கறுத்து அறுந்திருந்தது. சால்டர் வைத்து ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் (சூடு காட்டினால் சுருங்கி இறுகும் குழாய்) போட்டாயிற்று. கறுப்பு டேப் சுற்றாதீர்கள், வெயிலில் பசை உருகிப் பிசுபிசுக்கும்.

ஃப்யூஸ் அடிக்கடி போகிறதென்று கம்பி இழையைச் சுற்றுபவர்களுக்கு என்ன சொல்ல, வயரிங் முழுக்கக் கருகும்.

இப்போது பாக்கி, மழை பெய்தால் இடது இண்டிகேட்டர் மட்டும் படபடவென்று வேகமாக அடிப்பது. பின்பக்க ஹோல்டரில் துரு என்றுதான் நினைக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை கழற்ற வேண்டும்.