ரிக்லி ஃபீல்ட் வாசலில் ஒரு கிறிஸ்துமஸ் சந்தை: அம்மா, மகள், ஓர் உடைந்த குவளை

சிகாகோவுக்குப் பக்கத்து ஊரான எங்கள் அரோராவில் இருப்பவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். நம் ஊரிலேயே, ரிவர்எட்ஜ் பார்க்கில், 2022-லிருந்து இதே கிறிஸ்ட்கிண்ட்ல்மார்க்கெட், அதாவது ஜெர்மன் பாணிக் கிறிஸ்துமஸ் சந்தை, நடக்கிறது. அதை விட்டுவிட்டு ஒரு புதன்கிழமை மதியம் மெட்ரா புறநகர் ரயில் பிடித்து, சிகாகோ, யூனியன் ஸ்டேஷனில் இறங்கி, குளிரில் கால் மணி நேரம் நடந்து, ரெட் லைன் நகர ரயில் ஏறி, அடிசன் ஸ்டேஷன் வரைக்கும் போனோம். எல்லாம் மகளுக்காக. நான்காம் வகுப்பு படிக்கிறாள், சிகாகோவின் கப்ஸ் பேஸ்பால் அணி என்றால் பைத்தியம், ரிக்லி ஃபீல்ட் அவர்கள் மைதானம். "சந்தை எங்க வேணும்னாலும் இருக்கும், ரிக்லி ஒண்ணுதான் இருக்கு" என்றாள். கூடவே ஊரிலிருந்து வந்திருக்கும் என் அம்மா, மூன்று ஸ்வெட்டர், ஒரு மங்கி குல்லாயோடு.

முதலில் ஒரு விஷயம். "மைதானத்தில் கிறிஸ்துமஸ் சந்தை" என்றதும் புல்தரையில் கடை போட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள். சந்தை நடப்பது மைதானத்தை ஒட்டிய கேலகர் வே என்ற திறந்தவெளியில். மரத்தால் ஆன குட்டிக் குட்டிக் கடைகள், நடுவில் பெரிய மரம், ஐஸ் ஸ்கேட்டிங் தளம், ஐஸ்மேல் மோதி விளையாடும் பம்பர் கார் எல்லாம் உண்டு. ஸ்கேட்டிங்குக்கும் காருக்கும் தனி டிக்கெட். போகிற நாளுக்கு என்ன விதி என்று முன்கூட்டியே பார்த்துவிடுங்கள், வருடத்துக்கு வருடம் மாற்றுகிறார்கள்.

டிசம்பரில் சிகாகோவில் நாலே கால், நாலரைக்கெல்லாம் சூரியன் போய்விடும். நாங்கள் நாலு மணிக்கே அங்கே இருந்தோம், அதுதான் இந்தப் பயணத்தில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம். வானம் கருநீலமாக மாறும்போது கிளார்க் தெருவும் அடிசன் தெருவும் சந்திக்கும் முனையில் அந்தப் பழைய சிவப்புப் பெயர்ப்பலகை எரிய ஆரம்பித்தது. அப்புறம் பக்கத்தில் மரம், கடைக் கூரைகள், வளைவுகள் என்று ஒவ்வொன்றாக விளக்கு. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 1914-ல் கட்டிய இந்த மைதானத்தில் 1988 வரைக்கும் ராத்திரி ஆட்டத்துக்கு விளக்கே கிடையாது! 1941-ல் விளக்குக் கோபுரத்துக்கு இரும்பெல்லாம் வாங்கி வைத்திருந்தார்கள், பேர்ல் ஹார்பர் தாக்குதல் நடந்த மறுநாளே அதைப் போருக்குக் கொடுத்துவிட்டார் உரிமையாளர். பிறகு பல வருடம் பகல் ஆட்டம்தான். எங்கள் தெருவில் ராத்திரிச் சத்தம் வேண்டாம் என்று அக்கம்பக்கத்தவர்கள் வேறு மல்லுக்கு நின்றார்கள். கடைசியில் 1988 ஆகஸ்ட் 8-ம் தேதி விளக்கைப் போட்டு ஆட்டத்தை ஆரம்பித்தால், நாலாவது இன்னிங்ஸில் மழை வந்து கெடுத்துவிட்டது. அடுத்த நாள்தான் முழு ஆட்டம் நடந்தது. இவ்வளவு வீம்பு பிடித்த கட்டடம் இன்றைக்குத் தேர் மாதிரி ஜொலித்துக்கொண்டு நிற்கிறது. எனக்கு இந்தச் சந்தையில் பிடித்ததே அந்தக் கட்டடம்தான், கடைகள் அதற்கு அப்புறம்தான்.

"சேப்பாக்கம் மாதிரியா?" என்று அம்மா கேட்டார். ஏறக்குறைய அதே வயசுதான் என்றேன். மகள் உடனே, கப்ஸ் 108 வருடம் கோப்பையே வாங்காமல் 2016-ல் வாங்கிய கதையை ஆரம்பித்தாள். அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நூத்தியெட்டா? நல்ல எண்ணுதான்" என்றார். பழைய கப்ஸ் வீரர் எர்னி பேங்க்ஸின் சிலைக்குப் பக்கத்தில் மகளை நிற்க வைத்துப் படம் எடுத்தோம். சிலையின் தொப்பி விளிம்பில் கொஞ்சம் பனி உறைந்து நின்றது.

சாப்பாட்டுக்கு வருவோம். இந்தச் சந்தைக்கு மூலம் ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரத்துச் சந்தை. சிகாகோவில் 1996-ல் சின்னதாக ஆரம்பித்து, மறு வருடமே நகர மையத்தில் இருக்கும் டேலி பிளாசா சதுக்கத்துக்குப் போய் அங்கே நிலைத்துவிட்டது. ரிக்லியில் நடப்பது அதன் கிளை. அதனால் எங்கே திரும்பினாலும் பிராட்வர்ஸ்ட் என்ற ஜெர்மன் சாசேஜ் வாசனைதான். கறி சாப்பிடுபவர்களுக்குக் கவலையே இல்லை. அம்மா சைவம், அவருக்கு உருளைக்கிழங்கைத் துருவிப் பொரித்துத் தரும் அப்பம் வாங்கினேன், தொட்டுக்கொள்ள ஆப்பிள் கூழ். ஓரம் முழுக்க மொறுமொறுவென்று பழுப்பாகி, நடுவில் ஆவி பறக்க மெத்தென்று இருந்தது. அம்மா ஒரு வாய் வைத்துவிட்டு, "ஏட்டி, இது அடைதானே, உப்பே போடல" என்றார். ஆப்பிள் கூழைத் தள்ளி வைத்துவிட்டு, விமானத்தில் கொடுத்த ஊறுகாய்ப் பாக்கெட்டைக் கைப்பையிலிருந்து எடுத்தார். நான் சத்தியமாக வெட்கப்பட்டேன். அப்புறம் நானும் தொட்டுக்கொண்டேன். இனி எப்போது போனாலும் எடுத்துக்கொண்டுதான் போவேன்.

சர்க்கரைப் பாகில் சுடச்சுடப் புரட்டிய பாதாம், கூம்புப் பொட்டலத்தில் கிடைக்கும், வாங்காமல் வராதீர்கள். குளூவைன் என்பது பட்டை, கிராம்பு, ஆரஞ்சுத் தோல் போட்டுக் காய்ச்சிய ஒயின், குடிப்பவர்கள் குடிக்கலாம். எனக்கு அது இனிப்பு அதிகமான கஷாயம். ஆனால் கையில் பிடித்துக்கொள்ள அதைவிட நல்ல பொருள் அந்தக் குளிரில் கிடையாது. ஒரு கடையில் வாங்கிய ஹாட் சாக்லேட் மட்டும் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. திருப்பிக் கொடுத்துச் சூடாக்கித் தரச் சொன்னேன், வரிசையை விட்டு நகரு என்பது போல ஒரு பார்வை. அந்த விலைக்குச் சூடாவது இருக்க வேண்டாமா?

பானத்தோடு வாங்கும் குவளைக்குத்தான் பெரிய மவுசு. ஒவ்வொரு வருடமும் புது வடிவமைப்பு, சேர்த்து வைப்பதற்கென்றே வருகிற கூட்டம் இருக்கிறது. மகள் ஒன்றை வாங்கிக்கொண்டாள்.

அலங்காரப் பொருள் கடைகளில் கண்ணாடிக் குண்டுகள், மரப் பொம்மைகள், வெள்ளரிக்காய் ஊறுகாய் வடிவத்தில் ஒரு பச்சைக் கண்ணாடித் தொங்கல். அதை மரத்துக்குள் ஒளித்து வைத்துக் குழந்தைகளைத் தேடச் சொல்வார்களாம். பழைய ஜெர்மன் வழக்கம் என்று விற்கிறார்கள், ஆனால் ஜெர்மனியில் பாதிப் பேருக்கு மேல் இதைக் கேள்விப்பட்டதே இல்லை.

அம்மா பாளையங்கோட்டையில் சர்ச்சுக்கு அடுத்த தெருவில் வளர்ந்தவர். அவருக்குக் கிறிஸ்துமஸ் என்றால் வாசலில் நட்சத்திரம், பக்கத்து வீட்டு முறுக்கு, அப்புறம் குடில். "இவ்வளவு லைட்டு போட்டிருக்காங்க, குடில் எங்கே?" என்று கேட்டுக்கொண்டே கடை கடையாகப் பார்த்தார். கடைசியில் ஒரு மரச்சாமான் கடையில், வால்நட் ஓட்டுக்குள்ளே செதுக்கி வைத்த ஒரு குடில் கிடைத்தது. நகக்கண் அளவு குழந்தை, அரிசி நீளத்துக்கு மரியாள், ஒரு ஆடு. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார், விலையைக் கேட்டு ரூபாயில் கணக்குப் போட்டார், மெதுவாகத் திரும்ப வைத்தார். அவர் நகர்ந்த பிறகு நான் வாங்கினேன். வீட்டுக்கு வந்ததும் திட்டு விழுந்தது.

பிள்ளைகளோடு போவதென்றால் சனி, ஞாயிறு வேண்டவே வேண்டாம். புதன்கிழமைக்கே ஆறரை மணிக்கு மேல் நிற்க இடமில்லை. இரண்டு ஜோடி சாக்ஸ் போடுங்கள், மிச்சிகன் ஏரிக்காற்று கால் விரலில்தான் முதலில் கடிக்கும். காரில் போக வேண்டாம், அந்தத் தெருக்களில் பார்க்கிங் தேடுவது தனி தண்டனை. ரயிலில் போனதால்தான் அடிசன் ஸ்டேஷனில் அந்த ஹாலிடே ரயிலைப் பார்த்தோம். வண்டி முழுக்க விளக்கு, நடுவில் கூரையில்லாத ஒரு பெட்டி, அந்தக் குளிர்காற்றில் சான்டா உட்கார்ந்து கையசைத்துக்கொண்டு போனார். "பாவம், யாராவது ஒரு மப்ளர் கொடுங்க" என்றார் அம்மா.

மகள் சான்டாவுக்குக் கையாட்டிய வேகத்தில் குவளை பிளாட்ஃபாரத்தில் விழுந்து கைப்பிடி போய்விட்டது. அரோரா வரைக்கும் ஒரே அழுகை. இப்போது அது எங்கள் சமையலறை ஜன்னலில் இருக்கிறது, அம்மா அதில் தண்ணீர் ஊற்றி கொத்தமல்லிக் கட்டை நிற்க வைத்திருக்கிறார்.