உதறல் உள்ள பிள்ளைக்கு வெள்ளவத்தையில் வீட்டுக்கு வந்து ஹோல்டர் பூட்டும் சேவை

அக்காவின் மகனுக்கு எஸ்.எஸ்.பி.இ. என்ற மூளை வருத்தம். குழந்தையாக இருந்தபோது வந்த சின்னமுத்துவின் (தட்டம்மையின்) வைரஸ் மூளையில் தங்கி, வருடக்கணக்கில் சத்தமில்லாமல் இருந்துவிட்டுக் கிளம்புகிற வருத்தம் இது. சில விநாடிக்கு ஒருமுறை உடம்பு உதறும். முற்றும்போது இதயத்துடிப்பு, இரத்த அழுத்தம், வியர்வை, காய்ச்சல் இவற்றை ஆளும் நரம்புகளும் தடுமாறும். மருமகனுக்கும் படுத்திருக்கும்போதே திடீரென்று நாடி வேகமெடுத்ததால்தான் நரம்பியல் டொக்டர் 24 மணிநேர ஹோல்டர் எடுக்கச் சொன்னார், அதாவது நெஞ்சில் ஒயர் ஒட்டி, ஒரு நாள் முழுக்க இதயத்துடிப்பைப் பதிவு செய்கிற சின்ன மெஷின். உதறலுக்குக் கொடுக்கிற கார்பமசெபின் இதயத்தின் மின்கடத்தலைக் குறைக்கக்கூடும் என்பதால் அதையும் பார்க்க வேண்டுமாம்.

முதலில் வேறொரு இடத்தில் எடுத்த ஈ.சி.ஜி.யில், மெஷினே 'துடிப்பு ஒழுங்கில்லை' என்று அச்சடித்துக் கொடுத்துவிட்டது, அக்கா அன்றிரவு தூங்கவேயில்லை. டொக்டர் தாளைப் பார்த்துவிட்டு, இது உதறல் போட்ட கோடு, இதயத்தின் கோடு இல்லை என்றார்.

அதனால்தான் இந்தச் சேவை எனக்குப் பிடித்தது. வந்த தம்பி ஒயரைப் பூட்டியதும் கிளம்பவில்லை. பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து உதறலைக் கொஞ்ச நேரம் பார்த்தார், ஒவ்வொரு முறையும் மணிக்கூட்டைப் பார்த்துக் கொப்பியில் குறித்தார், அப்புறம் அக்காவிடம் கொப்பியைக் கொடுத்து, கைகால் உதறினால், வியர்த்தால், மருந்து கொடுத்தால் நேரத்தை எழுதுங்கோ அக்கா என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். நித்திரையில் உதறல் பெரும்பாலும் அடங்கிவிடும், இரவுக் கோடுகள்தான் சுத்தமாக வரும், அதனால் இரவில் ஒயரைக் கழற்றவே வேண்டாம் என்றும் சொன்னார். ரிப்போர்ட்டில் உதறலால் வந்த கோடுகளைத் தனியாகப் பிரித்துக் காட்டியிருந்தார்கள், அதன் பிறகு மிஞ்சியது காரணமில்லாமல் கூடி இறங்கும் நாடி மட்டும்தான். டொக்டருக்கு அது போதுமாக இருந்தது.

குறை என்றால் ஸ்டிக்கர். கொழும்பு வெக்கைக்கும் பிள்ளையின் வியர்வைக்கும் நெஞ்சில் ஒட்டியது மத்தியானத்துக்குள் கழன்றுவிட்டது. போன் பண்ணினோம், தம்பி திரும்பி வந்து தோலைத் துடைத்துப் புதிதாக ஒட்டினார், அதற்குக் காசு வாங்கவில்லை. கட்டணம் கூடத்தான், ஆனால் படுத்த பிள்ளையைக் காலி வீதி நெரிசலில் ஓட்டோவில் தூக்கிக்கொண்டு போவதைவிட எவ்வளவோ மேல். புக் பண்ணும்போதே பிள்ளைக்கு உதறல் இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள், மேலதிக ஸ்டிக்கரும் கேட்டு வாங்கி வையுங்கள்.