‘வேர் வெயிட்டிங்’கா, ‘ஹாட் பீன் வெயிட்டிங்’கா? ஆங்கில இறந்தகாலங்கள்: ஓர் ஒப்பீட்டு அலசல்

1990 இல் நின்றுபோன யாழ்ப்பாண ரயில் சேவை 2014 ஒக்டோபரில் மீண்டும் தொடங்கியது. அந்த நாளைப் பற்றி ஆங்கிலத்தில் கட்டுரை எழுதுபவருக்கு, மக்கள் காத்திருந்ததைச் சொல்ல இரண்டு வழிகள் உண்டு. ‘பீப்பிள் வேர் வெயிட்டிங்’ (were waiting) என்று எழுதினால், அன்று நிலையத்தில் திரண்டு நின்ற கூட்டம் மட்டும் தெரியும். ‘பீப்பிள் ஹாட் பீன் வெயிட்டிங் ஃபோர் 24 இயர்ஸ்’ (had been waiting) என்று எழுதினால், ரயிலையே காணாமல் வளர்ந்து, மணம் முடித்து, பிள்ளை பெற்றவர்கள் எல்லோரும் அந்த வாக்கியத்துக்குள் வந்துவிடுகிறார்கள். வினையின் வடிவம் மாறியதும் ஒரு நாள் கால் நூற்றாண்டாக நீண்டுவிட்டது. பாஸ்ட் பேர்பெக்ட் கன்டினியூவஸ் என்று பாடசாலையில் நாம் மனப்பாடம் செய்த வடிவத்தின் முதன்மையான வேலை இதுதான். கடந்துபோன ஒரு கணத்தில் நின்றுகொண்டு, அந்தக் கணம்வரை நீண்டு வந்த காலத்தை அது அளந்து காட்டுகிறது.

நம் மாணவர்கள் இதில் தடுமாறுவதற்குக் காரணம் சோம்பல் அல்ல. தமிழில் ‘காத்துக்கொண்டிருந்தார்கள்’ என்ற ஒரே வினை இரண்டு இடத்துக்கும் பொருந்தும். காலத்தின் நீளத்தை ‘24 ஆண்டுகளாக’ என்ற சொல்லே சுமந்துவிடும். வினை அசைய வேண்டியதில்லை. ஆங்கிலத்தில் வினையும் சேர்ந்து மாற வேண்டும். ஆகவேதான் ‘வென் த பஸ் கேம், ஐ வோஸ் வெயிட்டிங் ஃபோர் என் அவர்’ என்ற வாக்கியம் நம் பிள்ளைகளின் கொப்பிகளில் ஓயாமல் வருகிறது. பருத்தித்துறை பஸ் வரும்வரை ஒரு மணித்தியாலம் நின்றதைச் சொல்வதானால் ‘ஐ ஹாட் பீன் வெயிட்டிங்’ என்றே எழுத வேண்டும். பஸ் வந்தபோது நண்பனோடு பேசிக்கொண்டிருந்தேன் என்று மட்டும் சொல்வதானால் ‘ஐ வோஸ் டோக்கிங்’ போதும்; அங்கே ‘ஹாட் பீன்’ வீண் சுமை. ‘அதுவரை எவ்வளவு நேரமாக?’ என்று கேட்டுப் பாருங்கள். அதற்கான பதில் வாக்கியத்திலேயே இருந்தால் ‘வோஸ்’ விலகி ‘ஹாட் பீன்’ வர வேண்டும். கூடவே இன்னொன்று: ‘சின்ஸ் டூ அவர்ஸ்’ என்று எழுதும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். தொடங்கிய புள்ளிக்கு ‘சின்ஸ்’, நீளத்துக்கு ‘ஃபோர்’.

நீளம் சொல்லப்படாத இடத்திலும் ‘ஹாட் பீன்’ வெல்லும் இடம் ஒன்று உண்டு. அடுக்களையிலிருந்து வந்தவளின் கண்கள் சிவந்திருந்தன, வெங்காயம் உரித்ததுதான் காரணம் என்று வைத்துக்கொள்வோம். ‘ஹெர் ஐஸ் வேர் ரெட். ஷீ ஹாட் பீன் பீலிங் ஒனியன்ஸ்.’ உரித்து முடிந்துவிட்டது, அதன் தடயம் கண்ணில் நிற்கிறது. இதையே ‘ஷீ வோஸ் பீலிங் ஒனியன்ஸ்’ என்று மாற்றினால், நாம் பார்க்கும் அந்த நேரத்திலும் கையில் கத்தியும் வெங்காயமும் இருப்பதாகப் பொருள்படும். முடிந்த செயலின் ஈரம் இன்னும் காயாமல் இருப்பதைச் சொல்ல இந்த வடிவத்துக்கு நிகரான இன்னொன்று ஆங்கிலத்தில் இல்லை என்றே நினைக்கிறேன்.

கடினமான போட்டி ‘ஹாட்’ மட்டும் வரும் பாஸ்ட் பேர்பெக்டோடுதான். இங்கே பரீட்சைப் புள்ளிகளைவிடப் பெரிய விடயங்கள் தங்கியிருக்கின்றன. யாழ்ப்பாணத்தின் வலிகாமம் வடக்கிலிருந்து 1990 இல் போரால் இடம்பெயர்ந்த ஒரு குடும்பம் தன் காணியைப் பற்றி ஆங்கிலத்தில் விண்ணப்பக் கடிதம் எழுதுகிறது என்று எண்ணிப் பாருங்கள். ‘வீ ஹாட் பீன் ஃபார்மிங் திஸ் லாண்ட் ஃபோர் 30 இயர்ஸ் வென் வீ வேர் டிஸ்ப்ளேஸ்ட் இன் 1990.’ முப்பது ஆண்டுகளாகத் தோட்டம் செய்துகொண்டே இருந்தோம், அந்தத் தொடர்ச்சி அறுக்கப்பட்டது என்று இது அழுத்திச் சொல்கிறது. ‘ஹாட் ஃபார்ம்ட்’ என்று எழுதினாலும் இலக்கணப் பிழை இல்லை; நீளமும் ‘வென்’ பகுதியும் கூடவே இருக்கும்வரை பொருளும் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் அவற்றை எடுத்துவிட்டு ‘வீ ஹாட் ஃபார்ம்ட் திஸ் லாண்ட்’ என்று மட்டும் எழுதினால், எப்போதோ ஒரு காலத்தில் செய்து பின்னர் கைவிட்டவர்கள் என்றும் வாசிக்க இடமுண்டு. கைவிடாத காணியைப் பற்றிய கடிதத்தில் அந்த இடைவெளி இருக்கக் கூடாது.

அதே கடிதத்தின் அடுத்த வரியில் நிலைமை தலைகீழாகிறது. காணியில் இரண்டு கிணறு வெட்டியிருந்தோம் என்று சொல்ல வேண்டும். ‘வீ ஹாட் டக் டூ வெல்ஸ்’ என்றால் கிணறுகள் வெட்டி முடிந்தவை. ‘வீ ஹாட் பீன் டிக்கிங் டூ வெல்ஸ்’ என்றால் வெட்டும் வேலை நடந்துகொண்டிருந்தது என்பது மட்டும் தெரியும். தண்ணீர் கண்டீர்களா என்பது தெரியாது. இழப்பீடு கணக்கிடும் அதிகாரியின் கண்ணில் முடிந்த கிணறும் முடியாத குழியும் ஒன்றல்ல. எண்ணிக்கையும் விளைவும் முக்கியமான இடங்களில் ‘ஹாட்’ மட்டும் போதும். எத்தனை கிணறு, எத்தனை மாமரம், எத்தனை அறை என்று எண்ணத் தொடங்கியதும் ‘பீன்’ வெளியேற வேண்டும்.

மூன்றாவது வரி உரிமை பற்றியது. ‘வீ ஹாட் பீன் ஓனிங் திஸ் லாண்ட்’ என்று பலர் எழுதுகிறார்கள். தமிழர்கள் மட்டுமல்ல, தெற்காசியா முழுவதும் இந்த வழக்கம் இருக்கிறது. பொதுத்தர ஆங்கிலம் இதை ஏற்பதில்லை. உடைமை, அறிவு, நம்பிக்கை போன்ற நிலைகளைச் சொல்லும் ஓன், நோ, பிலோங், பிலீவ் ஆகிய வினைகள் பொதுவாக ‘-இங்’ தொடர்வடிவத்தை ஏற்பதில்லை. எத்தனை தலைமுறை ஆண்டாலும் ‘ஹாட் ஓன்ட்’ தான்.

‘லிவ்’ என்ற வினை இரண்டையும் ஏற்கும், ஆனால் நிறம் மாறும். சொந்த ஊரில் பரம்பரையாக இருந்ததற்கு ‘ஹாட் லிவ்ட்’ இயல்பாக அமைகிறது. உறவினர் வீட்டிலோ முகாமிலோ நாளை மாறலாம் என்ற நிலையில் இருந்ததற்கு ‘ஹாட் பீன் லிவிங்’ பொருந்துகிறது. தற்காலிகம் என்று நினைத்து வந்த இடத்தில் இருபது ஆண்டுகள் கழிந்தாலும், தற்காலிகமாகவே உணர்ந்தவர்கள் ‘ஹாட் பீன் லிவிங்’ என்று எழுத முழு உரிமை உள்ளவர்கள்.

‘ஹாட் பீன்’ என்று தொடங்கும் எல்லாம் இந்த வடிவம் அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். 1981 இல் 97,000 வரையான நூல்களோடு யாழ்ப்பாணப் பொது நூலகம் அழிந்ததைப் பற்றி எழுதும்போது ‘ஹாட் பீன் பர்னிங்’, ‘ஹாட் பீன் பர்ன்ட்’ இரண்டும் வரலாம். முதலாவது எரிந்துகொண்டிருந்தது என்கிறது. தீ எப்படிப் பிடித்தது என்பதைப் பற்றிப் பேசவில்லை. இரண்டாவது செயப்பாட்டு வினை: எரிக்கப்பட்டிருந்தது. எரித்த கை ஒன்று இருந்தது என்பதை அது ஒப்புக்கொள்கிறது. மூன்றெழுத்து ‘இங்’ வாலைத் தவறான இடத்தில் ஒட்டுவது இங்கே வெறும் எழுத்துப் பிழையாக முடிவதில்லை.

இத்தனை சொன்ன பிறகும், இறந்தகால வடிவங்கள் நான்கில் எனக்கு மிகவும் பிடித்தது சிம்பிள் பாஸ்ட். ‘வீ ஃபார்ம்ட் திஸ் லாண்ட் ஃபோர் 30 இயர்ஸ். இன் 1990 வீ வேர் டிஸ்ப்ளேஸ்ட்.’ நடந்தவற்றை நடந்த வரிசையிலேயே சொன்னால் ‘ஹாட்’ தேவைப்படுவதே இல்லை. பின்னால் நடந்ததை முன்னால் சொல்லிவிட்டு, பிறகு பழையதற்குத் திரும்பும்போதுதான் அது வேண்டும். திரும்பியதும் முதல் வாக்கியத்தில் ஒருமுறை ‘ஹாட் பீன்’ வைத்துவிட்டு, அடுத்தடுத்த வாக்கியங்களைச் சிம்பிள் பாஸ்டிலேயே ஓட விடலாம். ஒவ்வொரு வரியிலும் ‘ஹாட் பீன்’ வரும் கட்டுரை கல்லும் முள்ளுமான வழிபோல வாசகரை இடறவைக்கிறது.

இதனால்தான் பன்னிரண்டு காலங்களையும் ஒரே அட்டவணையில் சம கட்டங்களாக வரைந்து கற்பிக்கும் முறை எனக்கு ஒப்பவில்லை. 1823 இல் வட்டுக்கோட்டையில் செமினறி (அமெரிக்க மிஷனரிகளின் உயர்கல்விக்கூடம்) தொடங்கிய காலத்திலிருந்து ஆங்கிலம் ஊன்றிய மண் இது; இங்கே பிள்ளைகள் சூத்திரத்தை மட்டும் ஒப்புவித்துக்கொண்டிருப்பது வருத்தம் தருகிறது. ஆங்கிலத்தை நாளெல்லாம் பேசுகிறவர்களின் வாயிலும் இந்த வடிவம் அருகியே வருகிறது. நூறு வாக்கியங்களை இதற்கு மாற்றிப் பழகுவதைவிட, இது கட்டாயம் வேண்டியிருக்கும் ஐந்து இடங்களையும் இது கெடுத்துவிடும் ஐந்து இடங்களையும் ஒரே கதைக்குள் வைத்துக் காட்டினால் பிள்ளை தானே தேர்ந்தெடுக்கப் பழகும்.

‘ஹாவ் பீன்’ வடிவத்தோடு ஒப்பிட அதிகம் இல்லை. அது இன்றில் நின்று பின்னால் பார்க்கிறது. ‘வீ ஹாவ் பீன் லிவிங் ஹியர் சின்ஸ் 2010’ என்று எழுதுபவர் இன்னும் அங்கேயே இருக்கிறார். அவர் சொன்னதை வேறொருவர் ‘தே செட்’ என்று தொடங்கி எழுதும்போது அது ‘ஹாட் பீன் லிவிங்’ ஆகிவிடும். எழுதும் நாளிலும் அவர்கள் அங்கேயே இருக்கிறார்கள் என்றால் ‘ஹாவ் பீன்’ என்றே விட்டுவைப்பதும் சரி. வாக்குமூலம் எழுதுபவர்கள் அப்படி விட்டுவைப்பதே நல்லது.