விர்ச்சுவல்பாக்ஸுக்கு லைசென்ஸ் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்

தங்கைக்குக் கல்லூரியில் லினக்ஸ் லேப். லேப்டாப்பில் இருக்கிற விண்டோஸைத் தொடாமல் உள்ளேயே உபுண்டு (விண்டோஸ் மாதிரி ஒரு ஆபரேட்டிங் சிஸ்டம், லினக்ஸில் ஒரு வகை) ஓடவேண்டும் என்று சென்னை ரிச்சி தெருப் பக்கம் ஒரு கடையில் கொடுத்தேன். பெயர் வேண்டாம். ரெண்டு நாள் கழித்து பில்: விர்ச்சுவல்பாக்ஸ் (விண்டோஸுக்குள் இன்னொரு ஆபரேட்டிங் சிஸ்டத்தை ஓட்டும் மென்பொருள்) லைசென்ஸ் 1,800, உபுண்டு லைசென்ஸ் 1,200, இன்ஸ்டலேஷன் 500. அவசரத்தில் ஜிபே பண்ணிவிட்டு வந்துவிட்டேன், என் முட்டாள்தனம்.

இரண்டுமே இலவசம். உபுண்டு 2004-இல் வந்த நாளிலிருந்தே அப்படித்தான். விர்ச்சுவல்பாக்ஸ் 2007-இலேயே திறமூலமாகிவிட்டது (ஓப்பன் சோர்ஸ்), இப்போது வைத்திருக்கும் ஆரக்கிள் காசு கேட்பது கூடுதல் வசதிகள் தரும் எக்ஸ்டென்ஷன் பேக்கைத் தொழிலுக்குப் பயன்படுத்தினால்தான், படிப்புக்கு அதுவும் சும்மாதான். கூலி 500 மட்டும் கேட்டிருந்தால் வாயே திறந்திருக்க மாட்டேன்.

சரி, வேலையாவது ஒழுங்கா என்றால், இருப்பதே 8 ஜிபி ரேம், அதில் 6 ஜிபியை உபுண்டுவுக்குத் தூக்கிக் கொடுத்திருக்கிறார். மிச்சம் இரண்டில் விண்டோஸ் திணறுகிறது, உபுண்டுவிலும் மவுஸ் நகரமாட்டேன் என்கிறது. போன் பண்ணினால், "ரேம் பத்தலை சார், இன்னொரு 8 போட்டுடலாம், 2,800 ஆகும்."

போடவில்லை. ராத்திரி நானே உட்கார்ந்து நோண்டினேன். உபுண்டு ஓடும் விண்டோவின் கீழ் ஓரத்தில் ஒரு பச்சை ஆமை படம் இருந்தது. விண்டோஸிலேயே இதே வேலைக்கு இருக்கும் ஹைப்பர்-வி ஆனில் இருந்தால், பிராசஸரின் விர்ச்சுவலைசேஷனை (ஒரு சிஸ்டத்துக்குள் இன்னொன்றை ஓட்ட உதவும் வசதி) அது பிடித்துக்கொள்ளும், விர்ச்சுவல்பாக்ஸ் அதன் வழியாகச் சுற்றிப் போகவேண்டும், அதற்குத்தான் அந்த ஆமை (படம் போட்டவருக்கு நல்ல நகைச்சுவை). விண்டோஸ் ஃபீச்சர்ஸில் ஹைப்பர்-வியையும், கோர் ஐசோலேஷனில் மெமரி இன்டெக்ரிட்டியையும் அணைத்து ரீஸ்டார்ட் செய்ததும் ஆமை போய்விட்டது. மெமரி இன்டெக்ரிட்டி பாதுகாப்புக்காக இருப்பது, அதை யோசித்துத்தான் அணைக்கவேண்டும்.

அப்புறம் உபுண்டு திரை தபால் தலை அளவில் இருந்தது. உபுண்டுவுக்குள் போடும் விர்ச்சுவல்பாக்ஸின் துணை மென்பொருளான கெஸ்ட் அடிஷன்ஸ் போட்டால் சரியாகும், போடப் போனால் பாஸ்வேர்டு கேட்கிறது. கடைக்காரரைக் கேட்டால், "அது கடை பாஸ்வேர்டு சார், வெளியில சொல்றதில்ல." எங்கள் லேப்டாப்பில் அவர் பாஸ்வேர்டு! மொத்தத்தையும் அழித்துவிட்டு உபுண்டு தளத்திலிருந்தே ஐஎஸ்ஓ (இன்ஸ்டால் செய்யும் ஃபைல்) இறக்கி, 4 ஜிபி ரேம், 25 ஜிபி டிஸ்க் என்று புதிதாகப் போட்டேன். டவுன்லோடு நேரம் போக ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

காசைத் திருப்பிக் கேட்டேன். ரேம் வாங்கினால் அதில் 1,000 கழித்துக்கொள்கிறாராம்.