அம்மா வீட்டு கேமரா யார் கணக்கில் இருந்தது?

கும்பகோணத்தில் அம்மா தனியாக இருக்கிறார், நான் சென்னையில். போன வருடம் ஊரிலேயே ஒரு கடையில் சொல்லி ஹாலுக்கு வைஃபை கேமரா, திண்ணைக்கு ஸ்மார்ட் பல்பு, தண்ணீர் மோட்டாருக்கு ஸ்மார்ட் சுவிட்ச் போட்டோம். பெற்றோரை ஊரில் விட்டுவிட்டு வெளியூரில் இருப்பவர்கள் தயவுசெய்து இதைக் கடைசிவரை படியுங்கள். புகார் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரைப் போடவில்லை.

ஐப்பசி மழையில் ஒரு நாள் இடி இடித்து ஃபைபர் மோடம் போய்விட்டது. இணைப்புக்காரர்கள் மறுநாளே வந்து புது மோடம் வைத்துவிட்டார்கள். அம்மாவின் போனில் நெட் வந்தது. ஆனால் கேமரா, பல்பு, மோட்டார் மூன்றும் என் போனில் 'ஆஃப்லைன்' என்றே நின்றன. கடைக்குப் போன் செய்தேன்.

முதல் தடவை வந்த பையன், பழைய வீட்டுச் சுவர் தடிமன், சிக்னல் ஏறாது என்று சொல்லி ஒரு எக்ஸ்டெண்டரை பூஜை அறைப் பக்கம் சொருகிவிட்டுப் போனான். அதற்கு 2,400, வந்துபோனதற்கு 600. ஒன்றும் வேலை செய்யவில்லை. பத்து நாள் கழித்து இரண்டாவது தடவை வந்து, கேமராவில் போர்டு போய்விட்டது என்று புதுக் கேமரா மாட்டினான். 3,500, மறுபடி 600. பழைய கேமராவையும் எடுத்துக்கொண்டு போய்விட்டான். பல்பைக் கேட்டதற்கு, "சர்வர் பிரச்சனைம்மா, தானா வந்துடும்" என்றிருக்கிறான். அம்மா என்ன செய்வார்? காபி போட்டுக் கொடுத்து அனுப்பியிருக்கிறார். மூன்றாவது தடவை வருவதற்கு முன்னால் வருடப் பராமரிப்பு என்று 3,000 கேட்டார்கள். அங்கேதான் எனக்கு உறுத்தியது. பொங்கலுக்கு ஊருக்குப் போகும்வரை பொறுத்திருங்கள் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

போய்ப் பார்த்தால் விஷயம் இவ்வளவுதான். புது மோடத்துக்கு வைஃபை பெயரும் புது, பாஸ்வேர்டும் புது. பல்பும் சுவிட்சும் கேமராவும் பழைய பெயரையே தேடிக்கொண்டு கிடந்திருக்கின்றன. இன்னொன்று, இந்த மாதிரிப் பொருட்கள் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டும்தான் சேரும், 5 கிகாஹெர்ட்ஸ் அவற்றுக்குத் தெரியவே தெரியாது. மோடத்தின் அடியில் ஒட்டியிருந்த சீட்டில் உள்ள முகவரியை போனின் பிரவுசரில் அடித்து, அதிலேயே இருந்த யூசர்நேம், பாஸ்வேர்டு போட்டு உள்ளே போனேன். 2.4-க்குப் பழைய வைஃபை பெயரையும் பழைய பாஸ்வேர்டையும் எழுத்து மாறாமல் கொடுத்தேன். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, நடுவில் வரும் இடைவெளி வரைக்கும் அப்படியே இருக்க வேண்டும். பாதுகாப்பு முறையை டபிள்யூபிஏ2 என்று வைத்தேன். டபிள்யூபிஏ3 மட்டும் இருந்தால் பழைய பொருட்கள் பல சேராது. சேவ் செய்து இரண்டு நிமிடம் ஆகியிருக்காது, "திண்ணை லைட்டு எரியுதுடா" என்று அம்மா வாசலிலிருந்து கூப்பிட்டார். எதையும் கழற்றவில்லை, ரீசெட் செய்யவில்லை.

கடைக்குப் போய்ப் பழைய கேமராவைக் கேட்டேன். குப்பையில் போட்டாச்சு என்றார்கள். போலீஸில் எழுதிக் கொடுக்கிறேன் என்றதும் மேஜைக்கு அடியிலிருந்து வந்தது. வீட்டில் சொருகியதும் சிவப்பாக மினுக்கிய விளக்கு பச்சையாக நின்றது. போர்டு போன கேமரா!

பணம் போனது போகட்டும். எனக்கு அன்று இரவு தூக்கம் வராததற்குக் காரணம் வேறு. புதுக் கேமராவை ஆப்பிலிருந்து நீக்கப் பார்த்தேன், முடியவில்லை. பெயருக்குக் கீழே சின்னதாக 'ஷேர்டு' என்று இருந்தது. பழையதிலும் அதே. இரண்டு கேமராவுமே கடைக்காரரின் கணக்கில் பதிவாகி, எனக்குப் பார்வை மட்டும் பகிரப்பட்டிருக்கிறது. ஒரு வருடமாக நான் அதைக் கவனிக்கவில்லை. அம்மா தலை துவட்டுவது, மாத்திரை போடுவது, மத்தியானம் பாயை விரித்துப் படுப்பது எல்லாம் அந்த ஹாலில்தான். கடையில் கேட்டால், "எல்லாருக்கும் அப்படித்தான் சார் போடுவோம், சர்வீஸுக்கு வசதி" என்கிறார்கள். என் கணக்குக்கு மாற்ற 1,500 வேண்டுமாம். இரண்டையும் உடனே பிடுங்கி வைத்தேன்.

கணக்கை மாற்றிக் கேட்கலாம் என்று கேமரா நிறுவனத்தின் எண்ணைக் கூகுளில் தேடி அடித்தபோது இன்னொரு ஆபத்து. எடுத்தவர் என் போன் திரையைப் பார்க்க ஒரு ஆப் போடச் சொன்னார், அப்புறம் பத்து ரூபாய் கட்டச் சொன்னார். வைத்துவிட்டேன். பத்து ரூபாய் கட்ட வைத்து வங்கிக் கணக்கையே காலி செய்யும் வேலை அது. எண்ணைப் பெட்டியிலோ ஆப்புக்குள்ளோ பார்த்து அடியுங்கள். யாராவது ஏமாந்திருந்தால் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.

பெட்டியில் இருந்த எண்ணில் பேசியதும் பில்லையும் கேமராவின் அடியில் உள்ள சீரியல் எண்ணையும் படம் எடுத்து அனுப்பச் சொன்னார்கள். மூன்று நாளில் கடைக்காரர் கணக்கிலிருந்து நீக்கினார்கள். சில கேமராக்களில் ரீசெட் பொத்தானை அழுத்தினாலும் பழைய கணக்கு போகாது, இப்படித்தான் நீக்க வேண்டியிருக்கும்.

நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன். அதன் பிறகு புதுக் கேமராவைத் திரும்ப வாங்கிக்கொண்டு 3,500-ஐக் கொடுத்தார்கள். மீதிக்கு வெறும் 'சர்வீஸ்' என்று பேனாவில் எழுதிய துண்டுச்சீட்டும் என் யூபிஐ பதிவும்தான் கையில் இருக்கின்றன. விட மாட்டேன்.

உங்கள் வீட்டில் வேறு யாராவது தங்கள் போனில் கேமராவை அமைத்துக் கொடுத்திருந்தால், இப்போதே ஆப்பைத் திறந்து அதன் அமைப்புகளுக்குள் போய்ப் பாருங்கள். 'ஷேர்டு' என்று இருந்தால், சரியாகும்வரை பிளக்கைப் பிடுங்கி வையுங்கள்.