தவளை நீச்சல்: காலில் தொடங்குவதா, கையில் தொடங்குவதா?

வன்னிக் குளங்களில் தானாக நீந்தப் பழகிய பெடியள் பெரும்பாலும் தலையைத் தூக்கி வைத்து, கையால் தண்ணீரை அள்ளி, காலால் சைக்கிள் மிதிப்பார்கள். அப்படி நீந்துகிறவருக்கும் தண்ணீரில் புதிதாக இறங்குகிறவருக்கும் தவளை நீச்சல் சொல்லிக்கொடுக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, காலடியை, அதாவது காலால் உதைப்பதை, முழுவதாகப் பழக்கிவிட்டுக் கையைச் சேர்ப்பது. மற்றது, கைவீச்சையும் மூச்சையும் முதலில் பழக்கிவிட்டுக் காலுக்கு வருவது. இரண்டாலும் ஆட்கள் நீந்தப் பழகியிருக்கிறார்கள். ஆனால் எங்கள் தண்ணீருக்கு எது பொருந்தும் என்பது வேறு கேள்வி.

தெளிந்த நீச்சல் தடாகத்தில் கரையில் நின்றபடியே பிள்ளையின் பாதம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்க்கலாம். இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு போன்ற குளங்களில் மாரி மழைக்குப் பிறகு முழங்கைக்குக் கீழே எதுவும் தெரியாது. தவளை நீச்சலில் பிழை வருகிற இடமோ பாதம். கண்ணுக்குத் தெரியாத பிழையைத் தண்ணீருக்குள் திருத்த முடியாது. ஆகவே குளத்தில் பழக்குகிறவர்களுக்கு எங்கள் பரிந்துரை காலில் தொடங்குவதுதான், அதுவும் தரையில்.

பிள்ளையைக் குளக்கட்டின் படியிலோ வாங்கிலோ இருத்துங்கள். கை இரண்டும் பின்னால் ஊன்றி, கால் நீட்டியபடி இருக்கட்டும். எண்ணிக்கை நான்கு: மடி, திருப்பு, சுற்று, சேர். மடிக்கும்போது குதிக்கால் பிட்டத்தை நோக்கி வரவேண்டும். முழங்கால்களுக்கு இடையில் தோளகலத்துக்கு மேல் வேண்டாம். பிறகு விரல்கள் வெளிப்பக்கம் பார்க்கப் பாதத்தைத் திருப்ப வேண்டும். இந்தத் 'திருப்பு'தான் முழுப் பாடமும். "பிள்ளை, தாரா நடக்கிற மாதிரிப் பாதத்தை வையுங்கோ" என்றால் ஆறு வயதுப் பிள்ளைக்கும் விளங்கும். தண்ணீரைத் தள்ளுவது உள்ளங்காலும் கணைக்காலின் உட்புறமும். விரலை நீட்டிக்கொண்டு உதைத்தால் கால் தண்ணீரை வெட்டிக்கொண்டு போகும், உடம்பு நகராது.

இருந்து செய்யும்போது பிள்ளை தன் காலைத் தானே பார்க்கிறது. பத்துத் தடவை சரியாக வந்ததும் வாங்கில் குப்புறப் படுக்கவிட்டு அதையே செய்யச் சொல்லுங்கள். இப்போது கால் கண்ணுக்குத் தெரியாது. பாதி பேருக்கு இந்த இடத்தில் குழம்பும். நீங்கள் பின்னால் நின்று இரண்டு பாதங்களையும் பிடியுங்கள்: பெருவிரல் அவர்களுடைய உள்ளங்காலில், மற்ற விரல்கள் பாதத்தின் வெளிவிளிம்பில். அவர்கள் உதைக்கும்போது உங்கள் கையைத் தள்ள வேண்டும். ஒரு பக்கத் தள்ளல் குறைவாக இருந்தால், அந்தக் கால் மற்றக் காலோடு ஒத்து உதைக்காமல் கத்தரிக்கோல் அடிக்கிறது என்று கை சொல்லிவிடும். கலங்கல் தண்ணீரிலும் இதே பிடிதான் உங்களுக்குக் கண்.

தண்ணீருக்குள் முதலில் மல்லாக்க. பிள்ளையின் நெஞ்சளவு ஆழம் போதும். மூடி இறுக்கிய வெற்று 5 லீற்றர் கானை நெஞ்சோடு கட்டிப்பிடித்துக்கொண்டு உதைக்கலாம். முகம் வெளியே இருப்பதால் மூச்சுப் பயமில்லை. முழங்கால் தண்ணீருக்கு மேலே எட்டிப் பார்த்தால், குதிக்காலைப் பின்னுக்கு எடுக்காமல் தொடையை வயிற்றுக்கு இழுக்கிறார்கள் என்று அர்த்தம். தொடை தண்ணீரை முன்னுக்குத் தள்ளும், ஒவ்வொரு உதைக்கும் உடம்பு நின்று நின்று போகும். 6 உதை, ஓய்வு, மறுபடி 6. களைத்த காலில் பாதம் திரும்பாது. ஒவ்வொரு உதைக்குப் பிறகும் கால்களை ஒட்டி நீட்டியபடி "ஒண்டு, ரெண்டு" எண்ணவேண்டும். அந்த வழுக்கலை விட்டால் இது தவளை நீச்சல் இல்லை.

கானைப் பற்றி ஒன்று: கிருமிநாசினி வந்த கான் வேண்டாம், எத்தனை தரம் கழுவினாலும். லொறி ரியூப்பும் வேண்டாம். ரியூப்புக்குள் இருக்கும் உடம்பு செங்குத்தாகத் தொங்கும், கால் தன்பாட்டில் மிதிக்கத் தொடங்கும். நீங்கள் மாற்றப் பார்க்கிற பழக்கத்தையே அது ஊட்டும். காற்றில் ஆழத்துக்கு இழுபடுகிற ஆபத்து வேறு. மிதவைப் பலகை கிடைத்தால் குப்புற உதைக்க அதுதான் சிறந்தது.

கையில் தொடங்குவதன் நன்மையையும் சொல்லவேண்டும். பிள்ளை முதல் நாளே முன்னுக்குப் போகும், சந்தோஷப்படும். இழுக்கும்போது தலை தானாக எழும்புவதால் மூச்சு எப்போது என்பதும் சேர்ந்தே பழகும். நெஞ்சளவு தண்ணீரில் குனிந்து நின்று, கைகளை முன்னே நீட்டி, உள்ளங்கை வெளிப்பக்கம் பார்க்கத் தோளைவிடச் சற்று அகலமாக விரித்து, பெரிய சட்டியின் உட்புறத்தை வழிப்பதுபோல் நாடிக்குக் கீழே கொண்டுவந்து, மறுபடி முன்னே நீட்ட வேண்டும். கை தோள்க்கோட்டைத் தாண்டிப் பின்னே போகக்கூடாது. இடுப்புவரை இழுத்தால், கையை முன்னே கொண்டுவரும் நேரத்தில் தலை தாழும், தண்ணீர் குடிப்பார்கள்.

இந்த வழியின் கேடு பிறகுதான் தெரியும். கையால் போகக் கற்றவர் காலை நம்பமாட்டார். காலடி சேர்க்கும் நாளில் கையும் காலும் ஒரே நேரத்தில் இழுபடும், உடம்பு நின்ற இடத்தில் துள்ளும். தொடக்கநிலையில் உடம்பை முன்னே தள்ளுவதில் பெரும்பங்கு காலுக்கு என்பதால் இந்தப் பழக்கம் மிகவும் பின்னிழுக்கும். மருந்து: ஒரு கைவீச்சுக்கு இரண்டு உதை. பிறகு ஒன்றுக்கு ஒன்று, "இழு, மூச்சு, உதை, நீள்" என்று வாயால் சொல்லிக்கொண்டு.

ஆனாலும் இரண்டு பேருக்குக் கையில் தொடங்குவதே நல்லது. ஒருவர், சாதாரண நீச்சல் (ஃப்ரீஸ்டைல்) ஏற்கெனவே நன்றாகத் தெரிந்தவர். மற்றவர், முழங்கால் நோவுள்ள பெரியவர். சுற்றி அடிக்கும் உதை முழங்காலின் உட்பக்கத் தசைநாரை இழுக்கும். அவருக்கு அகலம் குறைந்த உதை, குறைந்த எண்ணிக்கை. நோவு வந்தால் அன்றைக்கு நிறுத்தவேண்டும்.

தலை விஷயத்திலும் இரண்டு கட்சி. குளத்தில் தலை மேலே இருந்தால் கரை தெரியும், மரக்கட்டை தெரியும், தாமரைக்கொடி தெரியும் என்பது உண்மை. ஆனால் தலை தூக்கியபடி பழகினால் இடுப்பும் காலும் தாழும், கழுத்து நோகும். தலையை உள்ளே வைத்து, மூக்காலும் வாயாலும் குமிழி விட்டு, கை இழுக்கும்போது எழும்பி மூச்செடுப்பதை முதலில் பழக்குங்கள். தலை தூக்கி நீந்துவதைப் பிறகு தனிப்பாடமாகக் கொடுங்கள். பாடசாலைப் போட்டிக்குப் போகிறவர்களுக்கு இன்னொன்றும்: கத்தரிக்கோல் உதைக்கும், திருப்பத்திலோ முடிவிலோ ஒற்றைக் கையால் தொடுவதற்கும் தகுதிநீக்கம் உண்டு.

நேரமும் இடமும்: சோளகம் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் பின்னேரம் அலை எழும்பும், குமிழி விடப் பழகும் பிள்ளைக்கு அது பயம். வெயில் ஏறிய பிறகு, காற்று எழும்ப முன் இறங்குங்கள். விடியலிலும் மம்மலிலும் பற்றை மண்டிய கரையில் முதலை இருக்கலாம். துருசுக்கு (மதகுக்கு) பக்கத்திலும், குளம் நிரம்பி வழிகிற வான் பாயும் இடத்திலும் ஒருபோதும் வேண்டாம், இழுவை கண்ணுக்குத் தெரியாது. மணல் அள்ளிய ஆற்றுப் படுகையில் ஒரு அடி தள்ளி ஆளுயரக் குழி இருக்கும். தடியால் அளந்து, எல்லைக்குக் கம்பு நட்டுவிட்டுப் பிள்ளைகளை இறக்குங்கள். காலில் வெட்டுக்காயம் இருக்கிற பிள்ளை அன்றைக்கு வாங்கில் மட்டும் பழகட்டும், எலிக்காய்ச்சல் கிருமி காயத்தால் உள்ளே போகும்.