சி.ஐ.பி.ஆர். இ.டி.எஃப்.: கார்டு தேடிப் போனால் என்ன கிடைக்கும்?

வங்கியின் கார்டு பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். காந்தப் பட்டை கார்டையெல்லாம் 2018 டிசம்பர் 31க்குள் சிப் கார்டாக மாற்றச் சொல்லி ரிசர்வ் வங்கி கெடு வைத்த காலத்தில், மூட்டை மூட்டையாக வந்து இறங்கிய கார்டு உறைகளைப் பார்த்து எனக்கு ஒரே யோசனை: இதைச் செய்து தருகிற கம்பெனியின் ஷேரை வாங்கிப் போட்டால் என்ன?

ஓய்வுக்குப் பிறகு தேட ஆரம்பித்தேன். கார்டுக்கு மட்டும் என்று ஒரு ஃபண்டும் கண்ணில் படவில்லை. அதற்குப் பக்கத்தில் வருவது என்று தரகர் செயலி காட்டியது ஃபர்ஸ்ட் டிரஸ்ட் நாஸ்டாக் சைபர் செக்யூரிட்டி இ.டி.எஃப். கணினிப் பாதுகாப்புக் கம்பெனிகளின் ஷேர்களைக் கூடையாக வைத்திருக்கும், ஷேர் போலவே சந்தையில் வாங்கி விற்கிற ஃபண்டு இது. சந்தையில் இதன் சுருக்கப் பெயர் சி.ஐ.பி.ஆர். 2015 ஜூலையில் தொடங்கியது. ஆண்டுக் கட்டணம் ஏறத்தாழ 0.6 சதவீதம். நம் ஊர் நிஃப்டி இ.டி.எஃப்.களோடு ஒப்பிட்டால் இது பல மடங்கு. அமெரிக்காவில் இந்த மாதிரி ஒரு துறையை மட்டும் பிடிக்கிற ஃபண்டுகளுக்கு இதுதான் வாடிக்கையான விலை.

உள்ளே என்ன இருக்கிறது என்று பட்டியலைத் திறந்தால் பாலோ ஆல்டோ, கிரவுட்ஸ்டிரைக், சிஸ்கோ, பிராட்காம், ஃபோர்டிநெட், கிளவுட்ஃபிளேர். எல்லாம் நெட்வொர்க், மென்பொருள் சமாச்சாரம். நான் பார்த்த பட்டியலில் இன்ஃபோசிஸும் இருந்தது. பணத்தை டாலராக்கி, கமிஷன் அழுது, அமெரிக்கா வரை போய் இன்ஃபோசிஸ் வாங்குவதை என்னவென்று சொல்ல!

கார்டு என்று பார்த்தால் பிரான்ஸின் ராணுவத் தளவாடக் கம்பெனியான தேலிஸ் ஒன்றுதான். அதற்கொரு பின்கதை உண்டு. ஜெம்பிளஸ், ஆக்சால்டோ என்று கார்டு உலகத்தின் இரண்டு பெரிய கைகள் 2006-இல் சேர்ந்து ஜெமால்டோ ஆனது. சிம் கார்டு, வங்கி கார்டு, பாஸ்போர்ட் சிப் எல்லாவற்றிலும் அதன் பெயர் இருந்தது. 2017-இல் அமெரிக்க வங்கிகளின் கார்டு ஆர்டர் குறைந்ததும் லாபம் குறையும் என்று எச்சரிக்கை மேல் எச்சரிக்கை விட்டது, ஷேர் சரிந்தது. அந்த டிசம்பரில் ஆட்டோஸ் என்ற பிரெஞ்சு ஐ.டி. கம்பெனி ஒரு ஷேருக்கு 46 யூரோ தருவதாக வந்து நின்றது. தேலிஸ் 51 யூரோ சொல்லித் தட்டிக்கொண்டு போனது. 2019 ஏப்ரலில் கைமாறி முடிந்தது. இப்போது அந்தக் கார்டு வியாபாரம் தேலிஸுக்குள் ஒரு பிரிவுக்குள் ஒரு பகுதி. தேலிஸ் ஷேரை ஏற்றுவது ஐரோப்பிய ராணுவ பட்ஜெட்டும் ரஃபேல் விமானத்துக்குப் போகிற ரேடாரும்தான், சிம் கார்டு அல்ல. அதற்குப் பிறகு தேலிஸ் பெரிய பணம் போட்ட இடத்தையும் பாருங்கள்: 2023-இல் இம்பெர்வா என்ற தரவுப் பாதுகாப்புக் கம்பெனியை 360 கோடி டாலருக்கு வாங்கியது. காசு எந்தப் பக்கம் நகர்கிறது என்று புரிகிறதல்லவா?

மற்ற பெரிய கார்டு கம்பெனிகளை நாம் வாங்கவே முடியாது. ஐடெமியா தனியார் முதலீட்டு நிறுவனத்தின் கையில். முனிச்சின் கீசெக்கே டெவ்ரியன்ட், 1852-இல் அச்சகமாக ஆரம்பித்து ரூபாய் நோட்டு மாதிரி பணத்தாள் அச்சடிக்கிற குடும்பச் சொத்து. சிப் செய்கிற இன்ஃபினியான், என்எக்ஸ்பி வாங்கலாம். ஆனால் அவை முதலில் கார் சிப் கம்பெனிகள்.

முழுக்க கார்டை மட்டும் நம்பிய ஷேர் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் சிபிஐ கார்டு குரூப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 2015 அக்டோபர் 1 முதல் அங்கே புது விதி: மோசடி நடந்தால், வங்கியா கடையா, யார் சிப்புக்கு மாறவில்லையோ அவர் தலையில் நஷ்டம். அதே மாதம் இந்தக் கம்பெனி 10 டாலருக்கு ஷேர் வெளியிட்டது. நேரம் பார்த்துத்தான். வங்கிகள் பயத்தில் கார்டை வாங்கிக் குவித்து வைத்திருந்தன, அடுத்த வருடம் ஆர்டர் படுத்துவிட்டது. 2017 டிசம்பரில் ஐந்து ஷேரை ஒன்றாக்கி விலையைத் தூக்கிக் காட்ட வேண்டியதாயிற்று. முகூர்த்த மாதத்தில் பந்தல்காரரின் வரவைப் பார்த்து வருட வருமானத்தைக் கணக்கிட்டால் இப்படித்தான். ஒரு தேசம் சிப்புக்கு மாறுவது ஒரே ஒரு முறை. அப்புறம் காலாவதியாகிற கார்டை மாற்றித் தரும் வேலை மட்டும்தான்.

நம் ஊரில் 2025 செப்டம்பரில் மும்பையின் சேஷாசாயி டெக்னாலஜீஸ் 423 ரூபாய் உச்ச விலையில் ஐபிஓ வந்தது. காசோலைப் புத்தகம், வங்கி கார்டு எல்லாம் செய்கிற கம்பெனி. கார்டுதான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர் அதன் கணக்கைப் படிக்கலாம், ஆனால் மேலே சொன்ன சிபிஐ கதையையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

சரி, ஃபண்டுக்கு வருவோம். ஏற்ற இறக்கம் பலமாகவே இருக்கும். 2022-இல் சுமார் கால்வாசி மதிப்பு போனது. கூடையாக வாங்குவதன் அருமை 2024 ஜூலை 19-இல் தெரிந்தது. கிரவுட்ஸ்டிரைக் அனுப்பிய ஒரு கோளாறான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் படுத்தன, நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அன்று அந்த ஷேர் 11 சதவீதம் விழுந்தது, போட்டியாளர்களான பாலோ ஆல்டோவும் சென்டினல்ஒன்னும் ஏறின. தனி ஷேராக வைத்திருந்தால் அன்று இரவு தூக்கம் போயிருக்கும்.

எனக்கு எரிச்சல் தந்தது ஃபண்டு அல்ல, அதற்குப் போகிற வழி. நான் பயன்படுத்தும் செயலி தரகு இல்லை என்று கொட்டை எழுத்தில் போட்டுக்கொள்கிறது. வங்கி டாலரை விற்கும் விலையிலும் அனுப்பும் கட்டணத்திலும் அதன் மேல் ஜிஎஸ்டியிலும் எல்லாம் வசூலாகிவிடுகிறது. சின்னச் சின்னத் தொகையாக மாதா மாதம் அனுப்பினால் கட்டுப்படியாகாது. சேர்த்து வைத்து மொத்தமாக அனுப்புங்கள். வருடத்துக்கு 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால் மிச்சத்துக்கு டிசிஎஸ் என்று 20 சதவீத வரியை அனுப்பும்போதே பிடிப்பார்கள், அது வருமான வரியில் கழிந்துவிடும். டிவிடெண்டில் 25 சதவீதத்தை அமெரிக்கா எடுத்துக்கொள்ளும். 24 மாதத்துக்கு மேல் வைத்து விற்றால் லாபத்தில் 12.5 சதவீத வரி.

என் வயதுக்காரர்களுக்கு ஒன்று. அமெரிக்கச் சொத்து 60,000 டாலரைத் தாண்டியிருக்கும்போது நாம் போய்ச் சேர்ந்தால், அதற்கு மேல் உள்ளதற்கு அங்கே 40 சதவீதம் வரை வாரிசு வரி உண்டு. செயலியில் இதை எங்கேயும் பெரிதாகச் சொல்வதில்லை. நான் அந்த எல்லைக்கு வெகு கீழேயே வைத்திருக்கிறேன். இந்த ஃபண்டில் இருப்பது என் சேமிப்பில் ஒரு சிறு துண்டு, இனி அதைக் கூட்டுவதாகவும் இல்லை.

வருமான வரிப் படிவத்தில் வெளிநாட்டுச் சொத்துப் பட்டியலை நிரப்ப மறக்காதீர்கள். அதற்குக் கணக்கு ஏப்ரல்–மார்ச் அல்ல, ஜனவரி–டிசம்பர். செயலி தருகிற அறிக்கை பெரும்பாலும் நிதியாண்டுக் கணக்கில் இருக்கும், கேட்டு வாங்க வேண்டும். 20 லட்சத்துக்குள் இருப்பவர்களுக்கு காட்டாமல் விட்டதற்கான 10 லட்ச ரூபாய் அபராதம் 2024 அக்டோபர் முதல் கிடையாது என்றாலும், காட்டத்தான் வேண்டும்.